தோல் பழசுதான், மை எப்போது ஏறியது?

கேள்வி: ஜோர்டானில், அம்மான் நகரில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்த் திருச்சபையின் நூற்றாண்டு விழாவுக்கு வேதாகமக் கண்காட்சி வைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். இங்கே பழக்கமான ஒருவர், சாக்கடல் சுருளின் துண்டு ஒன்று தன் உறவினரிடம் இருப்பதாகச் சொல்லிக் காட்டினார். 6 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், கரும்பழுப்புத் தோல், ஐந்து வரி எபிரெயம். ஏசாயா 40ஆம் அதிகாரமாம். விலை 9,500 டாலர். தோல் 2,000 ஆண்டுப் பழையது என்று கார்பன்-14 சான்றிதழும் வைத்திருக்கிறார். பொன் எழுத்தில் எழுதிய தோல் புத்தகம் ஒன்றும் உண்டு, அது 3,000 டாலர். 1,000 டாலர் முன்பணம் கேட்கிறார். ஐந்து படங்கள் அனுப்பியுள்ளேன். நம்பலாமா? நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முன்பணம் கொடுக்காதீர்கள். காரணம் நீளமானது, ஆனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டு போலியாக இருந்தால் பணம் போகும். அசலாக இருந்தால் அதைவிடப் பெரிய சிக்கல். ஜோர்டானின் 1988ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பழம்பொருள் வியாபாரத்தையே தடை செய்கிறது. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் ஜோர்டானும் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்தால், "திருச்சபைக் கண்காட்சிக்கு" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. திருச்சபைப் பெயரும் சேர்ந்து கெடும்.

பொன் எழுத்துப் புத்தகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கறுத்த தோல் ஏடுகளைத் தடித்த நூலால் தைத்து, ஏழு கிளை விளக்கும் ஆறுமுனை நட்சத்திரமும் வரைந்து, பொன்னிறத்தில் எபிரெய எழுத்துகளைப் பரப்பிய இந்த வகைப் பொருள்கள் துருக்கி, சிரியா, ஜோர்டான் பக்கம் ஏராளமாகச் சுற்றுகின்றன. போலீசார் பிடிக்கும்போது "ஆயிரம் ஆண்டுத் தோரா" என்று செய்தி வரும். பிறகு சத்தமில்லாமல் போகும். மோசேயின் ஐந்து நூல்களைக் கொண்ட தோரா சுருளைக் கறுப்பு மையில்தான் எழுத வேண்டும், படம் வரையக் கூடாது என்பது யூத மரபின் கட்டாய விதி. நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தில் பொன்னிறம் தேய்ந்த இடங்களில் பச்சை பாய்ந்திருக்கிறது. பொன் பச்சையாகாது. அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள் சாயம். எபிரெயம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டினால் ஒரு வரியாவது பொருள் தருகிறதா என்று பார்த்துச் சொல்வார். இவ்வகைப் புத்தகங்கள் பலவற்றில் எழுத்துகள் வெறுமனே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், சொல்லே இருக்காது.

தோல் துண்டு அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. இதில் கை வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

1947 வாக்கில் சாக்கடல் கரையோரம் உள்ள கும்ரான் என்ற இடத்துக்கு அருகே குகைகளில், சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய யூதக் கையெழுத்துச் சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. அடுத்த பத்தாண்டுக்குள் பதினொரு குகைகளிலிருந்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகளின் துண்டுகள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பங்கு அன்றைய ஜோர்டான் ஆட்சியின்கீழ் இருந்த கிழக்கு எருசலேம் அருங்காட்சியகத்துக்கு வந்து, அகச்சிவப்புப் படமாக எடுக்கப்பட்டு எண் பெற்றது. பிறகு நீண்ட அமைதி. 2002ஆம் ஆண்டு முதல் திடீரென்று எழுபதுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள் சந்தைக்கு வந்தன. எல்லாமே ஏறக்குறைய உள்ளங்கை அளவு அல்லது அதற்கும் சிறியவை, பெரும்பாலும் வேதாகம வசனங்கள். இந்த ஒரு விஷயமே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஏனென்றால் உண்மையான கும்ரான் நூல்தொகுதியில் எபிரெய வேதாகமப் படிகள் கால் பங்குதான். மீதி சமூக விதிகள், வழிபாட்டுப் பாடல்கள், விளக்க உரைகள். குகையிலிருந்து தற்செயலாக வந்த துண்டு என்றால் நான்கில் மூன்று முறை யாருக்கும் தெரியாத ஏதோ ஓர் உரையாகத்தான் இருக்கும். வாங்குபவர் விரும்பும் வசனமாகவே எப்போதும் வந்தால், அதைத் தேர்ந்தெடுத்தது குகையா, விற்பவரா?

வாஷிங்டனில் 2017 நவம்பரில் திறக்கப்பட்ட பைபிள் அருங்காட்சியகம் இப்படி 16 துண்டுகளை வைத்திருந்தது. ஐந்து துண்டுகளைப் பெர்லினில் உள்ள ஜெர்மன் அரசின் பொருள்சோதனை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அவை பழங்காலத்தவை என்பதற்கு ஒவ்வாத குணங்கள் தெரிந்ததாக 2018 அக்டோபரில் அறிவித்தார்கள். பிறகு கொலெட் லோல் தலைமையிலான தனிக்குழு பதினாறையும் சோதித்தது. 2020 மார்ச்சில் வந்த முடிவு: பதினாறும் போலி. அந்த அறிக்கையை அருங்காட்சியகமே வெளியிட்டது; இந்தத் துறைக்கு அது செய்த பேருதவி அது. நார்வேயில் ஷோயன் என்பவரின் தனியார் சேகரிப்பிலும், 2016இல் நூலாக வெளியிட்டபோது, சந்தேகத்துக்குரிய ஒன்பது துண்டுகளை ஆய்வாளர்களே ஒதுக்கி வைத்தார்கள்.

இந்த வழக்குகளில் தெரிந்தது, தோல் பல நேரம் உண்மையிலேயே பழையது என்பதுதான். பாலைவன வறட்சியில் பழைய செருப்புத் தோல், பை, வார் எல்லாம் மக்காமல் கிடக்கின்றன. அவற்றில் ஒரு துண்டை எடுத்து, அதன்மேல் இன்றைக்கு எழுதினால் போதும். வாஷிங்டன் துண்டுகளில் ஒன்றில் வரிசையாகத் துளைகள் இருந்தன. பழைய காலணித் தோலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எனவே "இது எவ்வளவு பழையது?" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கேட்க வேண்டியது, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதே.

அசல் துண்டில் நிகழ்ச்சிகளின் வரிசை இது: தோலைப் பதப்படுத்தினார்கள், கோடு கீறினார்கள், அகன்ற ஏட்டில் எழுதினார்கள், சுருட்டினார்கள், நூற்றாண்டுகள் கழிந்து தோல் சுருங்கி விரிசல் விட்டது, மேலே மண்ணும் உப்பும் படிந்தன, கடைசியில் கிழிந்தது. போலியில் தோல் முதலிலேயே விரிசல் விட்டுக் கிழிந்து மண் படிந்து கிடந்தது; எழுத்து கடைசியில் வந்தது. கண்ணுக்கும் லென்சுக்கும் தெரியும் எல்லாத் தடயங்களும் இந்த வரிசை மாறியதிலிருந்து பிறப்பவை. விரிசல் விட்ட சுவரில் வெள்ளையடித்தால் சுண்ணாம்பு விரிசலுக்குள் இறங்கும். வெள்ளையடித்த சுவர் பிறகு விரிசல் விட்டால் உள்ளே வெறும் செங்கல் தெரியும். தோலிலும் இதேதான்.

உங்கள் மூன்றாவது படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாம் வரியில், வலமிருந்து நான்காவது எழுத்தின் நிமிர்ந்த கோட்டின்மேல் ஒரு விரிசல் குறுக்கே ஓடுகிறது. அசலாக இருந்தால் அங்கே கறுப்புக் கோடு இரண்டாக உடைந்து, நடுவில் வெளிறிய தோல்நார் தெரிய வேண்டும். படத்தில் விரிசலுக்குள் கறுப்பு இறங்கி, இருபுறமும் மயிரிழை போலப் பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. அதே வரியின் இடது முனையில் கடைசி எழுத்தின் மை கிழிந்த விளிம்பைத் தாண்டி, தோலின் கனத்துக்குள் வழிந்திருக்கிறது. எழுதும்போது அந்த விளிம்பு ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். வாஷிங்டன் துண்டுகளிலும் இதே இரண்டு அடையாளங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டாம் வரியில் ஒரு சிறு ஓட்டை. அதன் அருகே வரும் எழுத்தின் அடிக்கோடு ஓட்டையைத் தொடாமல் மேலே வளைந்து போகிறது. தோலில் பிறவியிலேயே ஓட்டை இருந்தால் பழைய எழுத்தரும் அப்படித் தாண்டி எழுதுவது உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் வரி முடிவில் எழுத்துகள் சிறுத்து நெருங்கி, விளிம்புக்குள் முழுசாக அடங்குவதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஏடு எங்கே கிழியும் என்று 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதியவருக்குத் தெரியாது. உண்மையான துண்டில் நாலு பக்கமும் பாதி எழுத்துகள், கால் எழுத்துகள், அடையாளம் தெரியாத மைப் புள்ளிகள் இருக்கும். இங்கே ஐந்து வரியிலும் ஓர் எழுத்துகூட வெட்டுப்படவில்லை.

இனி நீங்களே செய்யக்கூடிய சோதனைகள். விற்பவர் பத்து நிமிடம் படமெடுக்க அனுமதித்தாலே போதும். தொடவோ துடைக்கவோ வேண்டாம். சில வியாபாரிகள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு "பாருங்கள், மை கரையவில்லை" என்று காட்டுவார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். சிதைந்த பழைய தோலில் தண்ணீர் பட்டால் அந்த இடம் ஜெல்லி போலாகிவிடும். ஒருவேளை அசலாக இருந்தால் மீட்க முடியாத சேதம்.

கணினியில் இணைக்கும் யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். 50 மடங்கும் 200 மடங்கும் பெரிதாக்கினால் போதுமானது. ஒவ்வொரு படத்திலும் மில்லிமீட்டர் அளவுகோல் தெரிய வேண்டும். முதலில் முழுத் துண்டையும் முன்னும் பின்னும் எடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் தோலின் மட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக, 10 முதல் 15 டிகிரி சாய்வில் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். மேடுபள்ளம் எல்லாம் நிழலாக விழும். அந்தக் காலத்து எழுத்தர்கள் பொதுவாக மையில்லாத கூர்முனையால் கோடு கீறி, கோட்டுக்குக் கீழே எழுத்து தொங்குவதுபோல் எழுதினார்கள். கோடு தெரிந்தால், அது விளிம்புவரை நேராகப் போய்க் கிழிசலில் அறுபடுகிறதா என்று பாருங்கள். கோடே இல்லாத அசல் துண்டுகளும் உண்டு. ஆனால் வரிகள் துண்டின் வளைந்த மேல்விளிம்பைப் பின்பற்றி வளைந்தால், எழுதியவர் அந்தத் துண்டைத் துண்டாகவே பார்த்தபடி எழுதியிருக்கிறார்.

அடுத்தது மையும் மண்ணும் சந்திக்கும் இடங்கள். மங்கலான மண்படிவு உள்ள பகுதிகளில் 200 மடங்கு வைத்து, மண் மைக்கு மேலே இருக்கிறதா, மை மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று கவனியுங்கள். மை மண்துகள்களின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் மண் மேலே இருந்தாலே அசல் என்று நினைத்துவிடாதீர்கள். வாஷிங்டன் போலிகளில், எழுதி முடித்து மை ஈரமாக இருக்கும்போதே, கும்ரான் பகுதி மண்ணோடு ஒத்துப்போகும் களிமண் தூளைத் தூவியிருந்தார்கள். அந்தத் துகள்கள் மைக்குள் பதிந்து நிற்கும். காலப்போக்கில் படிந்த மண் அப்படி மையோடு குழைந்திருக்காது. ஷோயன் சேகரிப்பில் நெகேமியா நூலின் துண்டு ஒன்றில் சாதாரணச் சமையல் உப்புத் துகள்கள் காணப்பட்டன. சாக்கடலின் உப்பு அப்படி இருக்காது; அதில் மக்னீசியம் மிகுதி, புரோமினும் வழக்கத்துக்கு மேல். அந்தப் புரோமின் கணக்கை வைத்துத்தான், பெர்லின் ஆய்வாளர் ஈரா ராபின் குழுவினர், கும்ரானில் கிடைத்த நன்றிப்பாடல் சுருளின் மை சாக்கடல் பக்கத்துத் தண்ணீரில் கரைக்கப்பட்டது என்று காட்டினார்கள்.

பளபளப்பையும் பாருங்கள். உங்கள் முதல் படத்தில் தோல் முழுக்கத் தேன் நிறத்தில் மினுங்குகிறது. எழுதுவதற்கென்றே செய்த தோலான பார்ச்மென்ட் மிகப் பழையதாகும்போது, அதில் புரதம் சிதைந்து மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆவது உண்மைதான். அதை நடிக்கவைக்க, பழைய முரட்டுத் தோலின்மேல் வஜ்ஜிரம் போன்ற விலங்குப் பசையைக் கரைத்துப் பூசுகிறார்கள். வாஷிங்டன் துண்டுகளில் இந்தப் பூச்சு இருந்தது. இதனால் போலி செய்பவருக்கு இரட்டை லாபம். தோல் பார்ச்மென்ட்போல் தெரியும். மையும் நாரில் ஊறிப் பரவாமல் மேலேயே நிற்கும். விரிசல்களின் ஓரத்தில் பசை தேங்கிக் காய்ந்திருக்கிறதா என்று லென்சில் தேடுங்கள்.

தோலா, பார்ச்மென்ட்டா என்பதும் அடிப்படையான கேள்வி. பார்ச்மென்ட் என்பது மயிர் நீக்கிய தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இழுவையிலேயே உலரவைத்துச் செய்வது. அதன் நார்கள் தாள்போல் அடுக்கடுக்காக மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும், கனமும் குறைவு. செருப்புக்குப் பதனிட்ட தோலில் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும். கிழிந்த விளிம்பில் பஞ்சுபோல் பிரிந்து நிற்கும். சாக்கடல் சுருள்கள் பெரும்பாலும் முதல் வகை. வாஷிங்டன் துண்டுகள் பதினாறில் குறைந்தது பதினைந்து இரண்டாம் வகை. உங்கள் துண்டின் விளிம்புப் படம் தெளிவாக இல்லை, எனவே இதை இப்போது சொல்ல முடியவில்லை. விளிம்பை நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள்.

அகச்சிவப்பு விளக்குள்ள மைக்ராஸ்கோப் கிடைத்தால் 940 நானோமீட்டரில் ஒரு படம். புகைக்கரியில் செய்த மை அதில் சற்றும் மங்காமல் கறுப்பாகவே இருக்கும். இரும்புச் சத்தும் மாசிக்காயும் சேர்த்த பிற்கால மை வெளிறும். மரப்பட்டைச் சாற்று மை காணாமலே போகும். கும்ரான் சுருள்களில் பெரும்பாலும் கரி மைதான். ஆகவே வெளிறினால் சந்தேகம் வலுக்கும். வெளிறாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, கரி மை இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. இப்படி ஒருபக்கமாக மட்டுமே பேசும் சோதனைகள் இந்தத் துறையில் நிறைய. அவை போலியைப் பிடிக்கும், அசலுக்கு உத்தரவாதம் தராது. விற்பவர்கள் இதைத் தலைகீழாக்கி, "இந்தச் சோதனையிலும் தேறியது" என்று பட்டியல் போடுவார்கள்.

அந்தப் பட்டியலின் தலைமகன்தான் கார்பன்-14 சான்றிதழ். அது தோல் எந்தக் காலத்து விலங்கினுடையது என்று சொல்லும். மை எப்போது வந்தது என்று சொல்லாது. 2016இல் இஸ்ரேல் தொல்பொருள் துறை வெளியிட்ட "எருசலேம் பாபிரஸ்" என்ற நாணல்தாள் துண்டு நினைவிருக்கலாம். பாபிரஸ் கி.மு. ஏழாம் நூற்றாண்டு என்று சோதனை சொன்னது. ஆனாலும் பழைய வெற்றுத் தாளில் புதிதாக எழுதியிருக்கலாம் என்ற வாதம் அறிஞர்களிடையே எழுந்தது. உங்கள் நண்பர் காட்டிய சான்றிதழில் இன்னொரு குறை உண்டு. ஆய்வகங்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் தங்கள் குறியெழுத்தோடு தனி எண் கொடுக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், அப்படியொரு அறிக்கை தந்தோமா என்றாவது ஆய்வகத்தால் சொல்ல முடியும். உங்கள் படத்தில் அந்த எண்ணே இல்லை. மேலும், பத்து மில்லிகிராம் தோல் எடுத்ததாக அதில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தோலில் அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய துண்டில் அந்த வெட்டு பளிச்சென்று தெரிய வேண்டும். நாலு விளிம்பிலும் அப்படி நேரான புது வெட்டு எதுவும் இல்லை. சோதிக்கப்பட்டது வேறு ஏதோ தோல்.

எபிரெயம் தெரிந்த போதகர் உங்கள் சபையில் இருந்தால், எழுத்துப் பக்கமும் ஒரு நல்ல சோதனை செய்யலாம். துண்டில் மிஞ்சிய சொற்களை அச்சு வேதாகமத்தில் கண்டுபிடித்து, ஒரு வரியின் முதல் எழுத்திலிருந்து அதற்கு நேர் கீழே அடுத்த வரியில் உள்ள எழுத்துவரை எத்தனை எழுத்துகள் என்று எண்ணச் சொல்லுங்கள். பத்தியின் அகலம் ஒன்றுதான் என்பதால், அந்த எண்ணிக்கை வரிக்கு வரி ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 48, 51, 47 என்று வந்தால் சரி. 48, 83, 30 என்று குதித்தால் அப்படியொரு பத்தி இருந்திருக்கவே முடியாது. உயிர்க்குறிப் புள்ளிகள் இருந்தால் எண்ணவே வேண்டாம். அவை சுருள்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து உருவானவை.

வாசகம் அச்சுப் பதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாலும் கொஞ்சம் நிதானியுங்கள். கும்ரானின் பெரிய ஏசாயா சுருளில் உயிரோசையைக் காட்டும் கூடுதல் எழுத்துகள் நிறைய. அதே 40ஆம் அதிகாரத்தின் ஏழு, எட்டாம் வசனங்களில் எழுத்தர் ஒரு பகுதியை விட்டுவிட, இன்னொரு கை அதை வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் சேர்த்திருக்கிறது. அச்சு மரபோடு நெருக்கமாக ஒத்த ஏசாயா படியும் அங்கே கிடைத்தது என்பதால், ஒத்துப்போவது மட்டும் குற்றமல்ல. ஆனால் பதிப்பாசிரியரின் கைவரிசை தெரிந்தால் அது வேறு. அமெரிக்கத் துண்டுகளை ஆராய்ந்த கிப் டேவிஸ், ஒன்றில் எபிரெய வரிக்குள் கிரேக்க ஆல்ஃபா போன்ற ஒரு குறி இருப்பதைக் கவனித்தார். கிட்டெல் என்பவரின் பெயரால் வழங்கும் அச்சு எபிரெய வேதாகமத்தின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே இடத்தில் அடிக்குறிப்பு எண்ணாக ஆல்ஃபா நிற்கிறது. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தவர் அதையும் எழுத்தென்று நினைத்துச் சேர்த்து வரைந்துவிட்டார் என்பதே நேரான விளக்கம்.

ஆய்வகச் சோதனைகளை விரிவாகச் சொல்லப் போவதில்லை, அந்த நிலைக்கு நீங்கள் போகத் தேவையில்லை. எக்ஸ்-கதிர் ஒளிர்வில் தோலின் கால்சியம் அளவு தெரியும். மயிர் நீக்கச் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும் முறை சுருள்களின் காலத்துக்குப் பிந்தையது என்று கருதப்படுகிறது. குகை மண்ணும் சுண்ணாம்புதான் என்பதால், கால்சியம் மேலே மட்டும் இருக்கிறதா, தோலின் உட்பகுதியிலும் இருக்கிறதா என்று குறுக்குவெட்டில் பிரித்துப் பார்க்க வேண்டும். இது கைப்பேசிப் படத்தில் நடக்கிற காரியம் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: 1970க்கு முன்பு இது யாரிடம், எங்கே இருந்தது? அதற்குக் கடிதம், ரசீது, பழைய புகைப்படம் என்ன இருக்கிறது? "தாத்தா காலத்தில் பெதுயின் என்ற பாலைவன நாடோடிகளிடம் வாங்கி, வெளிநாட்டு வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தோம்" என்பது 2002க்குப் பிறகு வந்த துண்டுகளோடு திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு வந்த கதை. கதை ஆவணம் ஆகாது. ஆவணம் எவ்வளவு பெறும் என்பதற்கு மான்செஸ்டரைப் பாருங்கள். 1950களில் ஜோர்டான் அரசு, தோல் ஆய்வுக்காக ரொனால்ட் ரீட் என்ற நிபுணருக்கு எழுத்தில்லாத சிறு துண்டுகள் சிலவற்றை அதிகாரபூர்வமாகக் கொடுத்தது. அவை பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. 2020இல் பல அலைநீளங்களில் படமெடுத்தபோது நான்கு துண்டுகளில் எழுத்து தெரிந்தது. எழுத்தே இல்லை என்று நினைத்த தோல், வந்த வழி தெளிவாக இருந்ததால், ஆய்வாளர்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்குக் காட்டியதில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது, வந்த வழிதான் இல்லை.

1883இல் மோசே ஷப்பீரா என்ற எருசலேம் வியாபாரி உபாகம நூலின் வாசகம் எழுதிய தோல் பட்டைகளைக் கொண்டுபோய் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் பத்து லட்சம் பவுண்டு கேட்டார். பழைய தோரா சுருளின் ஓரத்தை வெட்டி எழுதியது என்று அன்றே போலி முத்திரை குத்தினார்கள். மறு ஆண்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அது அசல்தான் என்று 2021இல் ஓர் அறிஞர் மீண்டும் வாதிட்டார். தீர்க்க வழியில்லை, பட்டைகள் தொலைந்துவிட்டன. ஆகவே போலி என்று நான் நினைக்கும் பொருளைக்கூட யாரும் கோபத்தில் கிழித்தெறியக் கூடாது. படமும் அளவும் பதிவாக வேண்டும், பொருள் பொறுப்பான கைக்குப் போக வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பணமும் வேண்டாம், பேரமும் வேண்டாம். "சபைக் குழு ஆவணங்கள் இல்லாமல் எதையும் ஏற்காது" என்று மரியாதையாகச் சொல்லி விலகுங்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் நீங்கள். விற்பவரோடு வாக்குவாதம் வேண்டாம், படமெடுக்க அவர் தயங்கினால் வற்புறுத்தவும் வேண்டாம். படங்களையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அம்மானில் உள்ள ஜோர்டான் தொல்பொருள் துறையிடம் தகவல் தருவது முறை. உங்கள் நிறுவனத்தின் சட்ட ஆலோசகரைக் கலந்துகொண்டு செய்யுங்கள்.

கண்காட்சிக்கு என் யோசனை வேறு. பெரிய ஏசாயா சுருளின் முழுப் படத்தையும் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் 2011 முதல் இணையத்தில் வைத்திருக்கிறது. பயன்பாட்டு விதிகளைப் படித்து, தேவைப்பட்டால் அனுமதி கேட்டு, உண்மை அளவிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். நீளம் 7.34 மீட்டர், 54 பத்திகள், ஏசாயாவின் 66 அதிகாரங்களும் அதில் உண்டு. பளபளப்பில்லாத கனத்த தாளில் நாலைந்து பகுதியாக அச்சடித்து, தையல் வரும் இடங்களில் ஒட்டினால் கோயில் மண்டபத்தின் ஒரு சுவருக்குச் சரியாக இருக்கும். 40ஆம் அதிகாரப் பத்தியில், இரண்டாவது கை வரிகளுக்கு நடுவே சேர்த்த அந்த வசனத்துக்கு நேரே ஓர் அம்புக்குறியும் தமிழ் விளக்கமும் வையுங்கள். செலவைப் பற்றி உள்ளூர் ஃபிளெக்ஸ் அச்சகத்தில் விசாரியுங்கள். அவர் கேட்ட முன்பணத்தில் சிறு பங்குகூட ஆகாது.